முள் 60-இல், பலகையில் 61

வேலைக்குப் போகும் வழியில், நீண்ட வளைவு ஒன்றுக்கு முன்னால், வருகிற வண்டியின் வேகத்தை அளந்து காட்டும் மின்பலகை இருக்கிறது. அங்கே வரம்பு 60. வண்டியின் வேகமானி முள்ளை 60-இல் நிறுத்திக்கொண்டு போனால் பலகை 57 காட்டும். நெடுநாளாக அப்படித்தான். குறை பலகையில்தான் என்று முடிவுகட்டி, அதைப் பொருட்படுத்துவதையே விட்டிருந்தேன். நான்கு டயரையும் ரிம்மோடு மாற்றிய மறுநாள் அதே முள், அதே 60. பலகை 61 என்றது. ஒருவழியாகப் பழுது பார்த்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு கடந்துபோனேன்.

பலகை முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது என்பது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று.

வண்டியோடு வந்தவை 185/65 ஆர் 15 டயர்கள். நாலரை ஆண்டு ஓடி, பட்டன், அதாவது டயர் தரையைத் தொடும் பரப்பில் உள்ள ரப்பர்க் கட்டைகள், தேய்ந்து இரண்டு மில்லிமீட்டர் உயரம்தான் மிஞ்சியிருந்தது. எப்படியும் மாற்ற வேண்டும். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு 16 அங்குல அலாய் போட்டுக்கொள்ளலாமே என்று ஓர் ஆசை. டயர் கடைக்காரர் 205/60 ஆர் 16 என்று எடுத்துக் காட்டினார். அகலம் கூடும், பிடிப்பு கூடும், வண்டியும் நிமிர்ந்து நிற்கும் என்றார்.

“மீட்டர் தப்பாகக் காட்டாதா?” என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். எதையும் விசாரிக்காமல் வாங்கிவந்தவன் என்றுதான் வீட்டில் இன்றுவரை எனக்குப் பெயர்.

“ரிம் பெரிதாகிறது இல்லையா சார், அதற்காகத்தான் 65-ஐ 60 ஆக்குகிறோம். ஈடாகிவிடும்.”

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ரிம் எண் ஒன்று ஏறுகிறது, நடு எண் ஐந்து இறங்குகிறது. கூட்டிக் கழித்தால் சரிதானே என்று தலையாட்டிவிட்டேன். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். ஆனால் அந்த நடு எண் மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். டயரின் அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பதைத்தான் அது சொல்கிறது. 185-இல் 65 சதவீதம் என்றால் 120.25 மி.மீ. 205-இல் 60 சதவீதம் என்றால் 123 மி.மீ. எண் இறங்கியிருக்கிறது, சுவர் உயர்ந்திருக்கிறது. ரிம் ஓர் அங்குலம் பெரிதானதற்கு ஈடாகக் குறைய வேண்டிய சுவர், தானும் சேர்ந்து வளர்ந்துவிட்டது. கடையில் ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் எடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. எடுக்கவில்லை.

முதலில் கண்ணில் பட்டது மைலேஜ். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 16.4-க்கு இறங்கியது. அகலமான டயர், கனமான ரிம், எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகத்தான் குடிக்கும் என்று தேற்றிக்கொண்டேன். பிறகு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் வண்டி முனகத் தொடங்கியது. முன்பு மூன்றில் ஏறிய மேட்டுக்கு இப்போது இரண்டுக்கு இறங்க வேண்டியிருந்தது. பின்னிருக்கையில் மூவர் உட்கார்ந்திருக்கும்போது வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் ‘கர்ர்’ என்று ஓர் உரசல். இவற்றையெல்லாம் தனித்தனிக் குறைகளாகத்தான் நான் பார்த்தேன். மூன்றுக்கும் தாய் ஒன்றுதான் என்று தோன்றவே இல்லை.

தோன்ற வைத்தது ஓர் ஆணி. முன்பக்க இடது டயரில் காற்று இறங்கிவிட, ஸ்டெப்னியை எடுத்து மாட்டினேன். ஸ்டெப்னி பழைய அளவு, 185/65 ஆர் 15. ஒருநாளும் தரையைத் தொடாத புதுச் சக்கரம். மாட்டிக்கொண்டு கிளம்பிய சில கிலோமீட்டரில் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இறங்கி நான்கு டயரையும் அழுத்திப் பார்த்தேன். நான்கிலும் காற்று சரியாகவே இருந்தது.

இந்த வண்டியில் டயருக்குள் அழுத்தம் அளக்கும் சென்சார் கிடையாது. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் சுழற்சி சென்சார்களை வைத்தே கணினி ஊகம் செய்கிறது. காற்று இறங்கிய டயரின் சுற்றளவு சிறிதளவு குறையும். அது மற்றவற்றைவிட அதிக முறை சுற்றும். ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சுற்றினால் அதில் காற்று இல்லை என்று பொருள். அப்படியானால் காற்று நிறைந்த என் ஸ்டெப்னி ஏன் அதிகம் சுற்றுகிறது?

வீட்டுக்கு வந்ததும் சாக்பீஸ் எடுத்தேன். முன்சக்கரங்கள் இரண்டிலும், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே பக்கச்சுவரில் ஒரு கோடு, தரையிலும் ஒரு கோடு. தம்பியை வண்டிக்குள் உட்காரவைத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சமதளத்தில் மெதுவாகத் தள்ளினேன். ஒரு சுற்று முடிந்து வலது சக்கரத்தின் கோடு மறுபடி தரைக்கு வந்தபோது, இடது பக்கக் கோடு தரையைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கியிருந்தது. அளவு நாடாவில் வலது 1 மீட்டர் 99 சென்டிமீட்டர். இடது 1 மீட்டர் 89-க்குச் சற்று மேல். நம்பாமல் தொடர்ந்து தள்ளினேன். வலது பக்கம் பத்துச் சுற்று முடிந்து கோடு தரையில் நின்றபோது, இடது பக்கக் கோடு உச்சியில் இருந்தது. 20 மீட்டர் தூரத்துக்குள் பழைய அளவு டயர் அரைச் சுற்று அதிகம் சுற்றிவிட்டது.

அன்று மாலைதான் கடையில் செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்தேன். ரிம்மின் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி, அதோடு பக்கச்சுவரின் உயரத்தை இருமுறை கூட்டினால் டயரின் மொத்த உயரம், அதாவது விட்டம், கிடைக்கும். பழையது: 381 + 240.5 = 621.5 மி.மீ. புதியது: 406.4 + 246 = 652.4 மி.மீ. வித்தியாசம் 31 மி.மீ.; சதவீதத்தில் ஏறத்தாழ ஐந்து. விட்டத்தை 3.1416-ஆல் பெருக்கினால் வரும் சுற்றளவு, நாடாவில் நான் அளந்ததைவிடச் சற்று அதிகம். வண்டியின் பளுவில் டயர் அடியில் அமுங்குவதால் அது உருண்டு கடக்கும் தூரம் குறைகிறது. ரேடியல் டயருக்கு 3.05-ஆல் பெருக்கினால் உண்மைக்கு அருகில் வரும். எப்படிப் பெருக்கினாலும் இரண்டு டயருக்கும் உள்ள விகிதம் மாறப்போவதில்லை என்பதால், ஒப்பிடுவதற்கு விட்டம் ஒன்றே போதும்.

ஆனால் ஒரு முடிச்சு அவிழாமல் நின்றது. ஐந்து சதவீதம் என்றால் பலகையில் 57 இருந்த இடத்தில் 60 வர வேண்டும். வந்தது 61. ஏழு சதவீதம் எங்கிருந்து வந்தது?

தேய்மானத்திலிருந்து. கார் டயரின் பட்டன் புதிதில் ஏறத்தாழ 8 மி.மீ. ஆழம் இருக்கும். அது தேய்ந்து 2 மி.மீ. ஆனால், இருபுறமும் ஆறாறாக விட்டத்தில் 12 மி.மீ. போய்விடுகிறது, இரண்டு சதவீதம். நான் கழற்றியது 621 மி.மீ. டயரை அல்ல, 609 மி.மீ.க்கு இளைத்துப்போன டயரை. அந்த இரண்டும் இந்த ஐந்தும் சேர்ந்து ஏழு. வண்டி வாங்கிய புதிதில் அந்தப் பலகை 58 காட்டியதாக ஒரு மங்கலான நினைவுகூட இருக்கிறது. ஒரே அளவில் புது டயர் போடுகிறவர்களுக்கும் மீட்டர் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அது கோளாறு அல்ல, அந்த மாற்றத்துக்கு இடம் வைத்துத்தான் மீட்டரைச் செய்கிறார்கள்.

எப்படி இடம் வைக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டயர் தேர்வின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் வேகத்தை அளப்பதே இல்லை. அது சுற்றுகளை எண்ணுகிறது. ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற பழைய வகையில், கேபிள் ஒன்று காந்தத்தைச் சுழற்றும். காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தை இழுக்கும். கிண்ணத்தோடு முள் நகரும். இன்று கேபிளுக்குப் பதில் கியர்பாக்ஸிலோ சக்கரத்திலோ ஒரு சென்சார். ஒரு சுற்றுக்கு இத்தனை மீட்டர் என்று தொழிற்சாலையில் எழுதிவைத்த எண்ணால் பெருக்கித்தான் எல்லாமே வெளிவருகிறது. அந்த எண் உங்கள் டயரின் சுற்றளவு. ஆகவே டயரும் மீட்டரின் ஓர் உறுப்பு. அதை மாற்றினால் தராசின் படிக்கல்லை மாற்றிய மாதிரி.

இனி விதி. ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குமுறையைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதன்படி மீட்டர் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது. கூடலாம், கார் என்றால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் 4 கிலோமீட்டரும் வரை கூடலாம். உண்மையில் 80-இல் போகும் கார் 80 முதல் 92 வரை எதைக் காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். 79 காட்டினால் இல்லை. கீழே ஒரு கிலோமீட்டருக்குக்கூட இடமில்லை, மேலே தாராளம். அதனால்தான் தயாரிப்பாளர்கள் முள்ளைக் கொஞ்சம் தூக்கியே வைத்து அனுப்புகிறார்கள். புது டயர், தேய்ந்த டயர், ஒரே எண் போட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் சில மில்லிமீட்டர் வேறுபடும் டயர், எதை மாட்டினாலும் முள் உண்மைக்குக் கீழே போகக் கூடாது என்பதற்கான சேமிப்பு அது.

என் வண்டியில் அந்தச் சேமிப்பு, டயர் புதிதாக இருந்தபோது, மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். நான் ஐந்தைச் செலவழித்தேன்.

டயர் அளவு மாற்றுவதைப் பற்றி எங்கே விசாரித்தாலும் “மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் போதும்” என்பார்கள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. தப்பான வழிகாட்டல் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. டயர் சிறிதானால் முள் இன்னும் மிகையாகக் காட்டும். கொஞ்சம் எரிச்சல், அவ்வளவே. டயர் பெரிதானால் முள் உண்மைக்குக் கீழே இறங்கி, வரம்புக்குள் போகிறோம் என்று நம்பிக்கொண்டே வரம்பு மீறுவீர்கள். தானியங்கி வேகக் கட்டுப்பாடும் அதே எண்ணைத்தான் நம்புகிறது. உங்கள் மீட்டரின் சேமிப்பு ஒரு சதவீதம் மட்டுமே என்றால், பெரிய பக்கம் மூன்று சதவீதம் என்பது உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே டயர் வாங்கப் போவதற்கு முன்னால், இப்போதைய டயரில் மீட்டர் எவ்வளவு தப்புகிறது என்று அளந்துகொள்ளுங்கள். இதை யாரும் செய்வதில்லை. நானும் செய்யவில்லை.

அளப்பது எளிது. கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேகம் போதும், ஆனால் நேரான, சமமான சாலையில் முள்ளை ஒரே இடத்தில் அரை நிமிடமாவது பிடிக்க வேண்டும். வேகம் ஏறி இறங்கும்போது ஜி.பி.எஸ். ஒரு மூச்சு பின்தங்கும். கைப்பேசியைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவரின் வேலை. எனக்கு ஜி.பி.எஸ். மீதும் சந்தேகம் வந்து, பழைய முறையிலும் ஒருமுறை சோதித்தேன். நெடுஞ்சாலையில் முள்ளை 80-இல் வைத்து, கிலோமீட்டர் கற்களுக்கு இடையே நேரம் பார்க்கச் சொன்னேன். 80-இல் ஒரு கிலோமீட்டருக்கு 45 நொடி. ஒரு கல் இடம் தவறி நட்டிருக்கலாம் என்பதால் ஐந்து கிலோமீட்டர் பார்த்தோம். 225 நொடி ஆக வேண்டியது 221-இல் முடிந்தது. அதாவது 81.4. பலகையும் கல்லும் செயற்கைக்கோளும் ஒரே சாட்சி சொல்லின.

கணக்கு செய்யும்போது பட்டன் ஆழத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்த டயரில் அளந்து ஐந்து சதவீதம் சேமிப்பு இருக்கிறது என்று கண்டால், புது டயருக்கு அதில் இரண்டு சதவீதம் போய்விடும். மீதி மூன்றுதான் உங்கள் கையில்.

காற்றைக் கூட்டியோ குறைத்தோ மீட்டரைச் சரிசெய்யலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ரேடியல் டயரின் வயிற்றைச் சுற்றி எஃகு இழைகளாலான பட்டை ஓடுகிறது. அது ரப்பரைப் போல நீளாது. அழுத்தத்தை மாற்றினால் தேய்மானமும் பிடிப்பும் கெடுமே தவிர, சுற்றளவு பேர் சொல்லும்படி மாறாது. கணினியில் டயர் அளவை மாற்றி எழுதுவது சில கார்களில் முடியும், அதுவும் தயாரிப்பாளர் ஏற்கெனவே பட்டியலில் வைத்திருக்கும் அளவுகளுக்கு மட்டும். என் வண்டியில் முடியாது.

மைலேஜ் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் என்னை அதிகம் ஏமாற்றியது அதுதான். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரும் அதே சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. சக்கரம் பெரிதானதால் அது நான் ஓடிய தூரத்தைக் குறைத்துச் சொன்னது. தேய்ந்த டயரோடு ஒப்பிட்டால் ஏழு சதவீதம் குறைவு. 16.4-ஐ 1.07-ஆல் பெருக்குங்கள்: 17.5. உண்மையில் இழந்தது லிட்டருக்கு அரை கிலோமீட்டர். மற்றதெல்லாம் எண்ணிக்கைப் பிழை. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது, ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள்: மீட்டர் 10,000 காட்டும்போது வண்டி 10,500 ஓடியிருக்கும். எஞ்சின் ஆயில் மாற்றுவது அந்த 500-க்குத் தாமதமாகும். வண்டியை விற்கும்போது மீட்டரில் இருக்கும் எண்ணும் உண்மையாக இருக்காது.

ஏற்றத்தில் முனகியதற்கும் இதே காரணம்தான். சக்கரம் ஐந்து சதவீதம் பெரிதானால், எல்லா கியரையும் ஐந்து சதவீதம் நீட்டிய மாதிரி. பெரிய சக்கரம் நீளமான நெம்புகோல் மாதிரி, பிரேக் அதை எதிர்த்துத்தான் வண்டியை நிறுத்த வேண்டும். அதை நினைத்த பிறகு எனக்கு அந்த டயர்களோடு ஓட்ட மனம் வரவில்லை.

ரிம்மை வைத்துக்கொண்டு டயரை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். 16 அங்குலத்தில் 621-க்கு அருகில் என்னென்ன வருகிறது என்று எழுதிப் பார்த்தேன். 195/60 என்றால் 640. மூன்று சதவீதம் பெரிது, வேண்டாம். 205/55 என்றால் 632. ஒன்றே முக்கால் சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, சமாளிக்கலாம். 205/50 என்றால் 611. ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல் சிறிது. 195/55 என்றால் 620.9. பழைய டயருக்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை! துள்ளிக் குதித்து அதையே கேட்கப் போனேன்.

நல்ல வேளையாக இந்த முறை துண்டுச் சீட்டில் இன்னொரு எண்ணையும் எழுதிக்கொண்டு போனேன். பழைய டயரில் அளவுக்குப் பின்னால் ‘88 எச்’ என்று இருந்தது. 88 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்துக்கான தகுதி. கடையில் இருந்த 195/55 ஆர் 16 டயரில் ‘87 வி’ என்று இருந்தது. வேகத் தகுதி 240, தாராளம். சுமை 545 கிலோ, பழையதைவிட 15 கிலோ குறைவு. பக்கச்சுவர் குட்டையானதால் டயருக்குள் காற்றுக்கான இடம் குறைந்துவிட்டது, சுமப்பது காற்றுதானே. “15 கிலோதானே சார்” என்றார் கடைக்காரர். நடைமுறையில் ஒன்றும் ஆகாமலேகூடப் போயிருக்கலாம். ஆனால் தயாரிப்பாளர் கேட்ட சுமைக் குறியீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதம். அதே அளவில் ‘91 எக்ஸ்.எல்.’ என்று வலுவூட்டிய வகை இருக்கிறது, 615 கிலோ. அதை வரவழைக்கச் சொல்லி ஒரு வாரம் காத்திருந்தேன்.

எக்ஸ்.எல். டயரில் ஒரு நுணுக்கம் உண்டு. அது தன் முழுச் சுமையைத் தாங்குவது அதிக அழுத்தத்தில்தான். பழைய டயருக்குப் போட்ட அதே அழுத்தத்தை இதற்கும் போட்டால், குறியீடு 91 என்றாலும் 88-ஐவிடச் சற்றுக் குறைவாகவே தாங்கும். டயர் தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைப் பார்த்து ஓரிரண்டு பி.எஸ்.ஐ. கூட்டி வைத்திருக்கிறேன். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு பழைய அளவுக்கானது. அளவு மாறினால் அதை அப்படியே நம்ப முடியாது. அந்தச் சீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். டயர் வாங்கக் கிளம்புவதற்கு முன் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். அதே வண்டியின் உயர்ரக வகைக்கு வேறு ரிம் அளவு கொடுத்திருந்தால், சில கார்களில் அந்த அளவும் அதில் இருக்கும். அப்படி இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்குத் தேவையே இல்லை; மீட்டருக்கும் சுமைக்கும் அவர்களே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

டயர் வந்ததும் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பார்த்தேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நான்கும் ஒரே ஆண்டாக இருந்தது. இது மீட்டரோடு சம்பந்தப்பட்டதல்ல, ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

ரிம் விஷயத்தில் நான் செய்த தவறு மீட்டரில் தெரியாது, மட்கார்டில் தெரியும். பழைய ரிம் 5.5 அங்குல அகலம், இ.டி. 45. புதியது 6.5 அங்குலம், இ.டி. 38. இ.டி. என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில், அதாவது வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில், பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற அளவு. அந்த எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும். அகலத்தில் ஓர் அங்குலம் கூடியதால் இருபுறமும் 12.7 மி.மீ.; இ.டி. 7 குறைந்ததால் வெளிப்புறம் இன்னும் 7 மி.மீ. ஆக ரிம்மின் வெளி விளிம்பு கிட்டத்தட்ட 20 மி.மீ. வெளியே வந்துவிட்டது, உள் விளிம்பு 6 மி.மீ. உள்ளே போயிற்று. அதன்மேல் உயரமான டயர். பின்னால் மூவர் உட்கார்ந்தால் உரசாமல் என்ன செய்யும்? 195/55 போட்ட பிறகு உரசல் நின்றுவிட்டது.

நட்டுகளின் எண்ணிக்கையும் அவற்றின் வட்ட இடைவெளியும் பொருந்தினால் போதும் என்று நினைத்ததும் தவறு. ரிம்மின் நடுத்துளை 67.1 மி.மீ., ஹப்பின் மூக்கு 54.1. இடையே உள்ள வெற்றிடத்தை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். ஒரு சக்கரத்தில் அதைப் போட மறந்துவிட்டார்கள். 90-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். மூன்று முறை பேலன்சிங் செய்தும் போகவில்லை. வளையம் போட்டதும் போய்விட்டது.

நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு இருந்தால்தான் ஏ.பி.எஸ்.ஸும் சறுக்கல் கட்டுப்பாடும் குழம்பாமல் வேலை செய்யும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால், இரண்டையும் இணைக்கும் பற்சக்கரப் பெட்டி ஓடும் நேரமெல்லாம் அந்த வித்தியாசத்தைத் தின்று சூடாகும். அவற்றில் இரண்டு டயரை மட்டும் மாற்றுவதாக இருந்தால், அளவு ஒன்றாக இருந்தாலும், பட்டன் ஆழத்தில் எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் அனுமதி என்று கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புது டயர் மாட்டி, அழுத்த எச்சரிக்கையை ரீசெட் செய்து, மறுநாள் வளைவுக்கு வந்தேன். முள் 60. பலகை 58. எனக்குப் பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். பலகையைப் பார்க்கும் ஆர்வத்தில் வேகத்தைக் குறைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஸ்டெப்னி இப்போது மற்ற நான்கோடும் உயரத்தில் ஒத்துப்போகிறது. ஆனால் அலாய்க்குக் கொடுத்த நட்டு அந்த இரும்பு ரிம்மில் சரியாக உட்காராது. பழைய நட்டுகளில் நான்கை ஒரு துணிப்பையில் கட்டி ஜாக்கிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ரிம்மின் இ.டி. இன்னும் 38-தான். சக்கரம் வெளியே நிற்பதால் வீல் பேரிங்குக்குக் கூடுதல் பளு என்பது தெரியும். அதற்கு 45-இல் அதே அகலம் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.